நுங்கு வண்டி ஓடின ஊர்

சித்திரை ஒண்ணாம் தேதின்னா எங்க வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும்தான். பங்குனியில் மரத்தடியில் பழைய வேட்டியை விரிச்சு, உதிர்ற பூவை அம்மா சேர்த்துக் காயவைப்பாங்க. நெய்யில் சிவக்க வறுத்து, ரசத்தை இறக்கினப்புறம்தான் போடணும். கொதிக்கவிட்டா கசப்பு ஏறிடும்.

வேம்பு இன்னும் நிக்குது. வரப்பில் இருந்த பனைதான் இல்லை. அதில் நுங்கு தின்னுட்டு, வெறுங்காய் ரெண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளுவோம். தண்டலத்தில் நாங்க ஓட்டின முதல் வண்டி அது.

1978இல் பனை மாநில மரமாச்சு. அப்புறமும் செங்கல் சூளைக்குப் போய்க்கிட்டேதான் இருந்தது. வித்தது எங்களை மாதிரி ஆளுங்கதான். எங்கப்பாவும் நாலு மரம் கொடுத்தார். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். அதைக் குறை சொல்லமாட்டேன், என் மகனே ஷிப்டுக்குத்தான் போறான். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. எங்க வரப்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே காலி.

போன சித்திரையில் ரோட்டோரம் நுங்கு வாங்கி வந்து பேரனுக்கு வண்டி செஞ்சேன். "தாத்தா, ஸ்டியரிங் எங்கே?"ன்னான். கவட்டையைக் கையில் கொடுத்தேன்.