ஒரு பைட்டின் வரலாறு

கணிப்பொறிகள் தம்முள் உரையாட வேண்டுமாயின் அவற்றுக்குப் பொதுவானதொரு விதி வேண்டும். 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஓர் உறுப்பாயிற்று. அந்நாளில் இருவகை விதிகள் போட்டியிட்டன. ஒன்று, அமெரிக்காவில் வளர்ந்த டி.சி.பி./ஐ.பி.; மற்றொன்று, சர்வதேசத் தர நிறுவனம் வகுத்த ஓ.எஸ்.ஐ. எது நிலைக்குமென்று எவரும் உறுதி கூறவியலாத அக்காலத்தில், எர்நெட் இரண்டையும் தன் தடங்களில் ஓடவிட்டது.

இதே போட்டி அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கலை உண்டாக்கிற்று. அங்கே 1983-இல் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தில், நிரல்கள் வலையமைப்பை அணுகுவதற்குச் சாக்கெட் என்னும் வாயில் அமைந்திருந்தது. நிரல் தான் அடைய விரும்பும் முகவரியைக் கெர்னல் எனப்படும் உட்கருவிடம் ஒப்படைக்கும். அதன் முதலிரண்டு பைட்டுகள் முகவரியின் வகையைக் குறித்தன. அன்றைய ஐ.பி. முகவரி நான்கே பைட்டு, ஓ.எஸ்.ஐ. முகவரியோ 20 பைட்டு வரை நீண்டும் குறுகியும் வரும். ஆகவே 1990-இல் வெளியான ரீனோ பதிப்பில், அவ்விரண்டில் முதலாவதை நீளத்திற்கும், அடுத்ததை வகைக்கும் ஒதுக்கினர்.

அங்ஙனமாயின், முன்பே இயந்திர மொழியாக்கப்பட்டுப் பரவியிருந்த நிரல்களின் கதி என்ன? மூலம் கையில் இல்லாதவர் அவற்றைத் திருத்தவும் இயலாது. எண்ணின் சிறிய பகுதியை முதலில் எழுதும் இயந்திரங்களில், பழைய நிரல் தரும் '2' என்ற வகை எண், புதிய கெர்னலுக்கு 'நீளம் 2, வகை 0' என்று தோன்றும். எனவே கெர்னலில் சிறு சோதனை ஒன்றைச் சேர்த்தனர். வகை சுழியமாயிருந்து, நீளம் வகை எண்களின் வரம்புக்குள் அடங்குமாயின், வந்தது பழைய நிரல் என்று கொண்டு, அவ்வெண்ணையே வகையாக ஏற்றுக்கொண்டது கெர்னல். முகவரியைத் திருப்பித் தரும் அழைப்புகளிலும், பழையவற்றின் எண்களை அப்படியே விட்டுவைத்து, புதியவற்றுக்கு வேறு எண்கள் வழங்கினர். பழைய நிரல்கள் மாற்றத்தை உணராமலே ஓடின.

1995-க்குப் பின் எர்நெட்டின் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் டி.சி.பி./ஐ.பி. வழியே சென்றது. ஓ.எஸ்.ஐ. வழக்கொழிந்தது. ஆயினும், அதன்பொருட்டு ஒதுக்கிய பைட்டு பெர்க்லி மரபின் இயங்குதளங்களில் இன்றும் உளது. இப்போது அதை நம்பி எழுதிய நிரல்கள் பல உள்ளன. விருந்தினர்க்கெனக் கட்டிய திண்ணை, விருந்தினர் போனபின் வீட்டாரின் இருக்கையாயிற்று. பொது வாயிலொன்றை மாற்றுவோர் நேற்றைய வழிப்போக்கரை மட்டுமன்றி, நாளை அதே மாற்றத்தை நம்பி வருவோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.