உச்சி வெயிலில் தேனீக்கு வழி தெரியுமா?

எங்கள் மன்னார்குடி வீட்டுக் கொல்லையில், மாதுளைக் கிளையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கொம்புத்தேன் கூடு. (கலைக்கக் கூடாது என்பது பாட்டியின் உத்தரவு!) வயல் பக்கம் போன தேனீ இந்தச் சின்னக் கிளையை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறது? தேடிப் படித்தபோது, விடையில் ஒரு பங்கு நம் பக்கத்துத் தேனீக்களிடமிருந்தே கிடைத்தது என்று தெரிந்தது.

தேனீ சூரியனைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்கிறது என்று காட்டியவர் கார்ல் வான் ஃபிரிஷ். போகும்போது சூரியன் வலப்பக்கம் என்றால் வரும்போது இடப்பக்கம். நேரம் ஆக ஆகச் சூரியன் நகர்வதையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பூ இருக்கும் திசையைக் கூட்டில் ஆடிக் காட்டும். இதற்கெல்லாம் 1973-ல் நோபல் பரிசு. கூட்டை நெருங்கியதும் மரம், சுவர் போன்ற அடையாளங்கள்தான் கைகொடுக்கின்றன. அதனால்தான் முதன்முதலாக வெளியே வரும் இளம் தேனீ, கூட்டைப் பார்த்தபடியே வளைய வளையப் பறந்து பழகுகிறது.

ஆனால் ஐரோப்பாவில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது. நமக்கோ வருடத்தில் இரண்டு நாள் வரும். அப்போது எது கிழக்கு, எது மேற்கு?

இந்தக் கேள்வியோடு 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்தார் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர். சூரியன் உச்சியைத் தொடும் அந்தச் சில நிமிடங்கள் தேனீக்களும் தடுமாறின. இரண்டு மூன்று டிகிரி விலகியதுமே நடனம் சரியாகிவிட்டது.

அவரை இன்னும் கவர்ந்தது கொம்புத்தேனீதான். ஐரோப்பியத் தேனீ இருட்டுப் பெட்டிக்குள், செங்குத்தான அடையில் ஆடுகிறது. சூரியன் தெரியாததால் ‘மேல்’ என்பதையே சூரியனாக வைத்துக்கொள்கிறது. நம் கொம்புத்தேனீ கூட்டின் மேல்தட்டில், வெட்டவெளியில், பூ இருக்கும் பக்கமே நேராக ஓடிக் காட்டுகிறது. லிண்டாவர் அடையைத் திருப்பி வைத்தால், புதிதாக மேலே வந்த தட்டுக்கு ஏறிப் போய் ஆடியது! நடனத்தின் பழைய வடிவம் இதுதான் என்று அவர் எண்ணினார். 1956-ல் அதை எழுதி வெளியிட்டார்.

திசை சரி, தூரம்? அதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மாண்டியம் சீனிவாசன். கோலம்போட்ட குறுகிய குழாய் வழியே பறந்த தேனீ, சில மீட்டரையே நூறு மீட்டருக்கும் மேல் என்று ஆடிக் காட்டியது (2000). கண்முன் ஓடும் காட்சியை வைத்துத்தான் அது தூரத்தை அளக்கிறது.

மன்னார்குடியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 18 வாக்கில், பகல் பன்னிரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் முன்னால். போன முறை மாதுளை அடியில் காத்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. தேனீக்கள் வந்துகொண்டேதான் இருந்தன.