கார் ஹாரன் பழுது நீக்கல்

காரின் ஹாரன் அடிக்காமல் போனாலோ, குரல் கம்மினாலோ, நிற்காமல் அலறினாலோ அதன் காரணத்தைக் கண்டுபிடித்து வீட்டு வாசலிலேயே சரிசெய்யும் வேலை. இதற்கு ஒரு டெஸ்ட் லேம்ப், ஸ்குரூ டிரைவர், ஸ்பானர், உப்புத்தாள் ஆகியவற்றோடு உள்ளே உட்கார்ந்து ஹாரனை அழுத்த இன்னொருவரும் இருந்தால் போதும். ஹாரன் அடிக்கவில்லை என்றதும் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதே பலரின் வழக்கம். பல நேரங்களில் அந்தச் செலவு தேவையற்றது. ஹாரன் நன்றாகவே இருக்கும். அதற்கு மின்சாரம் வரும் வழியிலோ எர்த்திலோதான் கோளாறு இருக்கும்.

திருவண்ணாமலையில் இதன் முக்கியத்துவம்

கோயில் நகரங்களில் நடப்பவர்களும் வண்டிகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். திருவண்ணாமலையில் இதற்குத் தனியான ஒரு கோணம் உண்டு. அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கி.மீ. மலையை வலப்புறமாகக் கொண்டு நடப்பவர்கள், மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் வலம் வருவதாக நம்பி, சாலையின் இடப்பக்கமாகவே செல்வது மரபு. நம் நாட்டில் வண்டிகளும் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. எனவே நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வண்டி வரும். வருவதை அவர் பார்க்க முடியாது, கேட்க மட்டுமே முடியும்.

கிரிவலத்தின் முற்பகுதி செங்கம் சாலையில் அமைகிறது. ரமணாசிரமத்தைக் கடந்து சென்றபின் பாதை வலப்புறம் திரும்பி, அடி அண்ணாமலை வழியாகக் காஞ்சி சாலையைத் தொட்டு ஊருக்குள் வந்து சேர்கிறது. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் வருடத்தின் மற்ற நாட்களிலும் விடிவதற்கு முன்பே வெறுங்காலோடு தனித்தனியாக நடப்பவர்கள் உண்டு. நடைபாதை இருந்தும் சாலையில் இறங்கி நடப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சற்றுத் தொலைவிலேயே கேட்கிற, ஒருமுறை அடித்து விடுகிற தெளிவான ஒலி வேண்டும். அடிக்காத ஹாரனும் ஆபத்து, திடுக்கிட்டு நடுச்சாலைக்குத் துள்ள வைக்கும் ஏர் ஹாரனும் ஆபத்து.

ஹாரனின் உள்ளமைப்பு

இன்றைய கார்களில் இருப்பது 12 வோல்ட் மின்காந்த ஹாரன். உள்ளே ஒரு காயில், மெல்லிய எஃகுத் தகடான டயாபிரம், ஒரு ஜோடி பாயிண்ட் ஆகியவை இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காயில் காந்தமாகி டயாபிரத்தை இழுக்கும். அந்த இழுப்பிலேயே பாயிண்ட் விலகி மின்சாரம் அறுந்துபோகும். டயாபிரம் பழைய இடத்துக்குத் திரும்பும். பாயிண்ட் மறுபடி சேரும். இப்படி வினாடிக்கு ஏறத்தாழ 400 முறை அதிர்ந்தால் கீழ்ச்சுருதி, 500 முறை அதிர்ந்தால் மேல்சுருதி. இரண்டையும் ஜோடியாக மாட்டியிருக்கும் கார்களில் ஒன்று செத்துப்போனால், ஹாரன் ‘மெலிந்துவிட்டது’ என்று தோன்றும். வட்டத் தட்டு வடிவத்திலும், நத்தை போலச் சுருண்ட குழல் வடிவத்திலும் இவை வருகின்றன.

ரப்பர் பந்தை அழுத்தி ஊதும் ஹாரனுக்குப் பிறகு மின்சார ஹாரனைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன். காது கேளாதோருக்கான மின்கருவியை அதற்கு முன்பே உருவாக்கியவர் அவர். அவருடைய கிளாக்சன் ஹாரன் 1908 வாக்கில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் இந்தத் தொழிலின் முக்கிய ஊர்களுள் கோயம்புத்தூரும் ஒன்று, கே. ராமசாமி 1970-ல் தொடங்கிய ரூட்ஸ் நிறுவனம் அங்கிருந்துதான் ஹாரன்களைச் செய்து அனுப்புகிறது.

கோளாறைத் தேடும் முறை

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஹாரனை அழுத்தும்போது பியூஸ் பெட்டியில் ரிலே, அதாவது ஹாரனுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச், ‘டிக்’ என்கிறதா? சத்தமே இல்லையென்றால் பியூஸைப் பார்க்கலாம். கார் கையேட்டிலோ பெட்டியின் மூடியிலோ ஹாரன் பியூஸ் எதுவென்று குறித்திருக்கும். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். உருகியிருந்தால் அதே அளவைத்தான் மாற்ற வேண்டும். மறுபடியும் உடனே போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று பொருள். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயராக இருக்கும். பியூஸ் நன்றாயிருந்தால், பக்கத்தில் அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை எடுத்து ஹாரன் ரிலே இருக்குமிடத்தில் செருகிப் பார்க்கலாம். காசில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை இதுதான்.

ரிலே ‘டிக்’ என்கிறது, ஹாரன் மட்டும் பேசவில்லை என்றால் முன்பக்கம் போக வேண்டும். ஹாரன் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் ஃபேனுக்கு அருகே இருக்கும். சாவி ஆனில் இருக்கும்போது அந்த ஃபேன் தானாகவே சுற்றத் தொடங்கலாம். கையும் துணியும் அதன் பக்கம் போகக் கூடாது.

இங்கே டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். ஒயர் உள்ளுக்குள் பச்சை பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஹாரன் கேட்கும் சில ஆம்பியரை அந்த இழையால் கொடுக்க முடியாது. பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு ஒயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்பாக வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுத்து உண்மையைச் சொல்லிவிடும். ஹாரன் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே பல்பைப் பிடித்துக்கொண்டு உள்ளிருப்பவரை ஹாரனை அழுத்தச் சொல்ல வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஹாரனில்தான் பழுது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ, பல்பின் ஒரு ஒயரை மின்சாரம் வரும் முனையிலேயே வைத்துக்கொண்டு மற்றதை பேட்டரியின் மைனஸில் வைத்துப் பார்க்கலாம். இப்போது நன்றாக எரிந்தால் எர்த் போய்விட்டது என்று முடிவு செய்யலாம். எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. ஒற்றை முனை ஹாரன்களில் அதைத் தாங்கும் பட்டைதான் எர்த். அங்கேயும் இதே வேலைதான்.

ஸ்குரூ திருப்புதல்

ஹாரன் ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், டயாபிரம் துருவால் இறுகியிருக்கலாம், அல்லது பேட்டரி இறங்கியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஹாரனின் பக்கவாட்டில் இலேசாகத் தட்டும்போது குரல் வந்துவிட்டால் பாயிண்ட்தான். பழைய அம்பாசிடர் கால ஹாரன்களைத் திருகு கழற்றித் திறந்து, பாயிண்ட்டைத் தேய்த்து மூடுவார்கள். இப்போது வருபவற்றின் விளிம்பு மடித்து அடைக்கப்பட்டிருப்பதால் திறக்க முடியாது. ஆனால் பலவற்றின் பின்புறத்தில் மெழுகோ பெயிண்டோ வைத்து அடைத்த ஒரு சிறிய ஸ்குரூ இருக்கும். பாயிண்ட்டின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது அதுதான்.

அதைத் தொடுமுன் இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் ஒரு கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹாரனை அதன் பட்டையோடு ஏதாவது கனமான இரும்பில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வெறும் கையில் பிடித்தால் குரல் சரியாக வராது. பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த ஒயரால் ஒரு வினாடி மட்டும் தொட்டு விட வேண்டும். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. ஒலி வராவிட்டால் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று திருப்பி மறுபடி தொட வேண்டும். ஒரு பக்கம் பயனில்லையென்றால் கோட்டுக்குத் திரும்பி வந்து மறுபக்கம். சரியான திசையில் போகும்போது வறண்ட ‘டக்’ முதலில் உறுமலாகும், பிறகு முழுக்குரலாகும், அதையும் தாண்டினால் கீச்சிட்டு மெலியும். முழுக்குரல் வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டுமென்று திருப்பிக்கொண்டே போனால் மின்சாரம் அதிகமாக இழுத்துப் பாயிண்ட் சீக்கிரம் கருகும். அந்த ஆசை ஒன்றே பல நல்ல ஹாரன்களைக் கெடுத்திருக்கிறது. முடிந்ததும் ஸ்குரூவின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அதிர்வில் இளகாது, தண்ணீரும் இறங்காது.

மழையும் குளவியும்

கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. ஊரில் கூட்டம் மிகுந்திருக்கும் நாட்களும் ஹாரன் நனையும் நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் அண்ணாமலையில் மண் சரிந்தது. அந்த ஆண்டின் மகாதீபம் டிசம்பர் 13 அன்று. நத்தை வடிவ ஹாரனின் வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது மேல்நோக்கித் திரும்பிவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கிக் குரல் குழறும். நனைந்த ஹாரனைக் கழற்றிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் குரல் திரும்பிவிடும். வாட்டர் சர்வீஸில் கிரில்லுக்குள் நேராகத் தண்ணீர் பீய்ச்ச விடக் கூடாது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. குச்சியால் பெயர்த்து எடுத்துவிட்டால் சரியாகும். மாட்டும்போது ஹாரனின் விளிம்பு பம்பரிலோ பாடியிலோ தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் ஒலி அமுங்கிவிடும்.

வீட்டில் செய்யக் கூடாதது

ஸ்டீயரிங்கைச் சில நிலைகளில் திருப்பும்போது மட்டும் ஹாரன் அடித்தால், அல்லது ஹாரன் போனதோடு ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் நாடா அறுந்திருக்கக்கூடும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அது வெடித்து விரியும் பொருள். ஸ்டீயரிங் நடுமூடியைத் தெரியாமல் திறப்பது உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். ஹாரன் நிற்காமல் அலறினால் பதற்றப்படாமல் அதன் ரிலேயையோ பியூஸையோ பிடுங்கிவிட்டு, பிறகு நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

மாற்று ஹாரனும் சட்டமும்

புதிது வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழையதில் பொறித்த வோல்ட், ஆம்பியர், சுருதி ஆகியவற்றைப் பார்த்து அதே வகை வாங்க வேண்டும். பல சுருதிகளை மாறி மாறி ஒலிப்பவற்றையும், காதைக் கிழிக்கும் கருவிகளையும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ம் விதி தடைசெய்கிறது. வாடகைக் கார்களுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கும்போது ஹாரனையும் சோதிக்கிறார்கள். தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாயும் மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அறிவிக்கப்படும் அமைதி மண்டலங்களிலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும் அவசரநிலை தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. வாசலில் உட்கார்ந்து ஸ்குரூ திருப்பிச் சோதிப்பதும் ஹாரன் அடிப்பதுதான் என்பதால், அந்த வேலையைப் பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு அருகே வீடு இருப்பவர்கள் விடுமுறை நாளில்.