படைமுகாம்களில் விளையாட்டு வீரர்கள்

களத்தில் இருக்கும் படையினருக்கு ஊக்கமளிக்கப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் முகாம்களுக்குச் செல்வது வழக்கம். அமெரிக்காவில் இது பழையது: 1951இல் ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ 1967இல் வியட்நாம் சென்று படையினரைச் சந்தித்தார்.

இந்தியாவில் கௌரவப் பதவி வழியாகவே இது வளர்ந்தது. கபில் தேவ் 2008இலும் மகேந்திர சிங் தோனி 2011இலும் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனார்கள். சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற ஏறத்தாழ ஓராண்டு இருக்கையில், 2019 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 15 வரை, தோனி காஷ்மீரில் 106ஆவது பாரா பட்டாலியனோடு ரோந்து, காவல் பணிகளைச் செய்தார்; ஜவான்களோடு வாலிபால் ஆடினார். கைகுலுக்கிப் படமெடுத்துத் திரும்பும் வருகையைவிட, கூடவே தங்கி வேலையைப் பங்கிட்டுக்கொண்ட இந்த முறைதான் மேலானது.

ஊக்கம் எதிர்த்திசையிலும் பாயும். அதற்குச் சான்று புணேயில் இருக்கிறது. போபோடியை ஒட்டிய கட்கியில், முதுகுத்தண்டு அடிபட்ட படையினருக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இயங்குகிறது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அங்கே சிகிச்சையோடு சேர்ந்தது. அந்த மையம் தொடங்கும் முன்பே இதற்கு இன்னொரு சான்று உண்டு: 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டுபட்டு நடக்க முடியாமல் போன ராணுவக் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கினார். 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் முடித்து, இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018இல்தான் கிடைத்தது. மிகவும் தாமதம்.