விடுமுறையில் மரணம்

மிச்செல் லைசனின் 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' (1934) படத்தை வெறும் காதல் கற்பனை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதன் மூலம் ஆல்பர்ட்டோ கசெல்லாவின் 1924ஆம் வருஷத்து இத்தாலிய நாடகம். முதல் உலகப் போர் முடிந்து 6 வருஷம்தான் ஆகியிருந்தது; இத்தாலி இழந்த சிப்பாய்கள் 5 லட்சத்துக்கும் மேல். போரில் சாவுக்கு முகமில்லை, எண்ணிக்கைதான். கசெல்லா அதற்கு ஒரு முகமும், இளவரசன் வேஷமும், மூன்று நாள் விடுமுறையும் தந்தார். அந்த நாட்களில் உலகில் யாரும் சாவதில்லை, பூகூட வாடுவதில்லை.

மனிதர்கள் தன்னைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்று அறிய வந்தவனை (படத்தில் ஃபிரெட்ரிக் மார்ச்) கிராஸியா காதலிக்கிறாள்; அவன் யாரென்று தெரிந்தே கூடப் போகிறாள். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பதுங்குகுழியில் செத்தவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. சாவை அழகாக்கியது ஆறுதல்தான். ஆனால், கொல்ல அனுப்பியவர்களின் முகம் அந்த அழகில் மறைந்துபோயிற்று.