ஆர்க்கிடுக்குப் போர்வை போர்த்தியது யார்?

"வெளியில வெச்ச ஆர்க்கிட் குளிர்கால ராத்திரியைத் தாங்குமா?" இதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி. எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில இருக்கிற ஏரல். அங்கே செடிக்குக் குளிரும்னு சொன்னா சிரிப்பாங்க. அதனால பதிலைத் தேடி நீலகிரி வரலாற்றுக்குள்ள போவோம்.

முதல்ல, உறைபனி எப்படி வருது? மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில, பகல்ல வாங்கின சூட்டை நிலம் வானத்துக்கே திருப்பி விட்டுடும். மேல ஒரு கூரை இருந்தா, அதுல ஒரு பங்கு கீழேயே தங்கும். ஏரல் பக்கத்துல ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்ல அகத்தி மரம் வெயிலுக்குக் கூரை. நீலகிரியில சோலைக்காடு குளிருக்குக் கூரை.

சோலை மரங்கள் குட்டையா, நெருக்கமா நிக்கும். அந்தக் கிளைகள்ல பாசியோட பாசியா ஆர்க்கிட் ஒட்டி வளரும். பக்கத்துப் புல்வெளியில மரக்கன்றுகளையே கருக்கிடுற உறைபனி, சோலைக்குள்ள அவ்வளவா இறங்காது.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில வருஷத்துலயே ஊட்டி ஆங்கிலேயர்களின் ஊராச்சு. பங்களாக்கள்ல கணப்பு எரிஞ்சது. விறகு எங்கிருந்து? சோலையிலிருந்து. மனுஷங்க குளிர் காய, ஆர்க்கிடோட போர்வையை வெட்டி எரிச்சாங்க. விறகுப் பஞ்சம் வந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை, தைல மரங்களைக் கொண்டுவந்து நட்டாங்க. புல்வெளியும் சுருங்கிச்சு.

1848-ல் ஊட்டி தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர். இன்னைக்கும் அங்கே பனிக்காலத்துல தொழிலாளர்கள் மிலார் செடிகளை வெட்டி வந்து மலர்ச்செடிகளை மூடுறாங்க. விடியக்காலையில தண்ணி தெளிச்சு உறைபனியைக் கரைக்கிறாங்க. எல்லாரும் கம்பளிக்குள்ள இருக்கிற நேரத்துல, அவங்க கை பச்சைத் தண்ணியில இருக்கு. சோலை சும்மா செஞ்ச வேலை அது.

சரி, உங்க ஆர்க்கிட்? சென்னை, மதுரையில உறைபனி பயம் இல்லை. மலையூர்ல இருந்தா, தொட்டியைத் திறந்த வானத்துக்குக் கீழ விடாதீங்க. சுவரோரமா, கூரைக்குக் கீழ நகர்த்துங்க. சாயங்காலம் துணி போர்த்தினா, வெயில் ஏறினதும் எடுத்துடுங்க. காத்தில்லாம மூடியே வெச்சா வேர் அழுகும்.

அடுத்த முறை ஊட்டி போனா, பூங்காவோட நிறுத்திக்காதீங்க. மிச்சமிருக்கிற ஒரு சோலையைத் தூர நின்னாவது பாத்துட்டு வாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.