மாமியின் கதையும் விமான எஞ்சினும்: காதை மூடிய வரலாறு

இயர்பட் பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ‘நொய்ஸ் கான்சலேஷன்’ என்ற எழுத்துத்தான். எங்களில் பலர் அதை வாங்குவது ஒரே காரணத்துக்காக: ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்கக்கூடாது. ஹோலில் ரீவி, குசினியில் அம்மாவும் மாமியும், மதிலுக்கு அங்கால பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து. இதுக்குள்ள இருந்துதான் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவேணும். காசு சேர்த்து வாங்கிக் காதில் போட்டால் ஃபான் இரைச்சல் காணாமல் போகிறது. மாமியின் கதையோ முந்தியைவிடத் தெளிவாகக் கேட்கிறது!

பொருள் பழுது இல்லை. அது பிறந்தது மாமியின் கதையை நிறுத்துவதற்கு அல்ல. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போவோம்.

தெரு, அறை, காது

19ஆம் நூற்றாண்டு லண்டன். எழுத்தாளர் தோமஸ் கார்லைல் அயல்வீட்டுச் சேவல்களாலும் பியானோவாலும் நொந்துபோய், 1853இல் தன் வீட்டின் உச்சியில் சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பெருஞ்செலவு செய்தும் எதிர்பார்த்த அமைதி கிடைக்கவில்லை. அதே நகரில் கணினியின் முன்னோடி சாள்ஸ் பாபேஜ் வேறு வழியில் போனார். தெரு இசைக்காரர்கள் தன் உழைக்கும் ஆற்றலில் கால்வாசியை அழித்துவிட்டார்கள் என்று 1864இல் எழுதினார். அந்த வருடமே, வீட்டுக்காரர் தகுந்த காரணம் காட்டிக் கேட்டால் தெரு இசைக்காரர் விலகவேண்டும் என்ற சட்டமும் வந்தது.

அந்த இசைக்காரர்களில் பலர் இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த ஏழைகள். பாபேஜுக்கு இடைஞ்சலான சத்தம் அவர்களுக்கு அன்றைய சாப்பாடு. யாருடைய சத்தம் ‘இரைச்சல்’, யாருடைய வேலைக்கு ‘அமைதி’ வேண்டும் என்பதை வீடும் செல்வாக்கும் உள்ளவர்களே தீர்மானித்தார்கள். இந்தக் கேள்வி இன்றைக்கும் முடியவில்லை.

1907இல் பெர்லினில் மக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளர் மெழுகும் பஞ்சும் கலந்த காதடைப்பானைச் செய்தார். பெயர் ‘ஓரோபக்ஸ்’: ஜேர்மன் மொழியில் காது, இலத்தீனில் சமாதானம். நகரத்து இரைச்சலால் அவதிப்பட்ட எழுத்தாளர் காஃப்கா அதைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். இசைக்காரரைத் துரத்தவும் தேவையில்லை, அறை கட்டவும் தேவையில்லை. அமைதி தெருவில் இருந்து அறைக்கும், அறையில் இருந்து காதுக்கும் சுருங்கியது. சின்னதாகச் சுருங்கியபோதுதான் அது காசில்லாதவர்களுக்கும் எட்டியது.

எஞ்சினுக்கு எதிரான அலை

மெழுகு சத்தத்தை மறிக்கிறது. சத்தத்தைச் சத்தத்தாலேயே அழிக்கலாம் என்று காட்டியவர் போல் லூக் என்ற ஜேர்மனியர். 1933இல் ஜேர்மனியில் விண்ணப்பித்தார். 1936இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உயர்தரப் பௌதிகவியலில் நாங்கள் படிக்கும் அலைகளின் தலையீடுதான் இது. வரும் அலைக்கு நேர் எதிரான அவத்தையில் இன்னொரு அலையை விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். தத்துவம் சரி, அந்தக் காலத்து மின்னணுவியல்தான் போதவில்லை. 1950களில் லோரன்ஸ் ஃபோகல் ஹெலிகொப்டர், விமான ஓட்டிகளுக்காக இதே வழியில் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தார்.

1978இல் அமெரிக்கப் பேராசிரியர் அமர் போஸ் சூரிச்சில் இருந்து பொஸ்டனுக்குப் பறந்தார். இவருடைய தகப்பன் பிரித்தானியருக்கு எதிராக இயங்கி வங்காளத்தை விட்டு வெளியேறியவர். விமானத்தில் தந்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலுக்குள் பாட்டு கேட்கவில்லை. போஸ் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வொயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அவருடைய மாதிரி ஹெட்செட்டை எடுத்துப் போனார்கள். ஒன்பது நாள் எஞ்சின் பக்கத்தில் இருப்பவருக்கு அது வசதி அல்ல, செவியைக் காக்கும் கவசம். 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பயணிகளுக்கும் விற்பனைக்கு வந்தது. பிறகு சின்ன இயர்பட்டுக்குள் இறங்கியது. 2019இல் எயார்பொட்ஸ் ப்ரோ வந்தபின் ஊரெல்லாம் பரவியது.

இந்த வரிசையைப் பாருங்கள். எங்கேயும் மனிதப் பேச்சு எதிரியாக இல்லை. எதிரி எஞ்சின்.

மாமி ஏன் தப்பினார்?

எஞ்சின் இரைச்சல் தாழ்ந்த மீடிறனில், மாறாமல் ஓடுவது. 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீற்றர், எதிரலை செய்ய நேரம் இருக்கிறது. பேச்சுக்குத் தெளிவு கொடுக்கும் மெய்யொலிகளின் கூர்மையோ 1000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் நிறைய இருக்கிறது. 3000 ஹேர்ட்ஸில் அலைநீளம் 11 சென்ரிமீற்றர் அளவுதான். எதிரலை ஒரு செக்கனில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு பிந்தினாலே அது நேரலையாகி, சத்தத்தைக் கூட்டிவிடும். அதனால் இந்தக் கருவிகளின் எதிரலை 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாக வேலை செய்கிறது. மேலே உள்ளதை மறிப்பது காதை அடைக்கிற றப்பர் முனைதான், மெழுகு செய்த அதே வேலை. இதுவரை பேச்சை மூடிக்கொண்டிருந்த ஃபான் இரைச்சலும் போனதால் மாமி வெளியே வந்துவிட்டார்.

பேச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு உளவியலாளர்கள், எழுத்துகளை மனதில் வைக்க முயன்றவர்களுக்கு ஜேர்மன் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். அந்த மொழி தெரியாதவர்களே பிழைவிட்டார்கள். பின்வந்த ஆய்வுகளில் பேச்சின் உரப்பு கூடக் குறைய இருந்தது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் ஞாபகத்தைக் குழப்புகிறது. ஆக, ‘கவனம் இல்லாத பிள்ளை’ எண்டு எங்களை ஏசுறது முழு நியாயம் இல்லை. மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

எங்கட வீட்டுக் காதுகள்

வடக்கு கிழக்கில் இன்னொரு செவி வரலாறு உண்டு. எங்கள் பெற்றோர் பலருடைய காது போருக்குள் பழகியது. ஹெலியா, பொம்பரா, கிபிரா என்று சத்தத்தில் பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடினார்கள். ஷெல் குத்துற சத்தம் கேட்டால் விழும்வரை எண்ணினார்கள். காது திறந்திருப்பது உயிரோடு இருப்பதற்கான வழி. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நாங்கள் அறைக்குள் இருக்கும்போது, “கூப்பிட்டா கேக்காதே பிள்ளை” என்று அவர்கள் பதறுவதில் இதுவும் கலந்திருக்கலாம். அதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரம், நாலு பேர் இருக்கும் வீட்டில் படிக்க ஒரு மூலை கேட்பதும் குற்றம் இல்லை.

அப்ப எதை வாங்குறது?

வரலாறு சொல்லும் வரிசை இது. முதலில் றப்பர் முனை: பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள், காதை இறுக்கமாக அடைக்கிற அளவுதான் பேச்சைக் குறைக்கும். காதுக்குள் போகாமல் வெளியில் தொங்கும் வகை இதுக்குச் சரிவராது. இரண்டாவது, ‘ஈ.என்.சி.’ என்று போட்டிருந்தால் கவனம். அது நீங்கள் அழைப்பில் கதைக்கும்போது மற்றவருக்கு இரைச்சல் போகாமல் செய்வது. உங்கள் காதுக்கானது ‘ஏ.என்.சி.’ மூன்றாவது, மிச்சமாகக் கேட்கும் பேச்சை மழைச் சத்தம் போன்ற மாறாத ஒலியால் மூடுங்கள். பாட்டு வேண்டாம், அதிலும் சொற்கள் இருக்கின்றன. ஒலியைக் கூட்டி அடக்கவும் வேண்டாம்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். றோட்டில் நடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

காசு இல்லையெண்டால் பாமசியில் ஒரு சோடி நுரைக் காதடைப்பான் கேட்டுப் பாருங்கள். பேச்சுக்கு எதிராக அது விலையான இயர்பட்டுக்குச் சளைத்ததல்ல. அதையும் வாங்கமுதல், இரவு எட்டில் இருந்து பத்துவரை ரீவியைக் குறைக்கச் சொல்லி வீட்டில் ஒருக்கால் கேட்போம். பாபேஜ் மாதிரிச் சட்டம் கொண்டுவரத் தேவையில்லை. ஹோலில் இருப்பவர்கள் எங்கட ஆட்கள்தானே.